தெரிந்தும் சொல்லாத ஒன்று



2025 நவம்பர் 15, சனிக்கிழமையன்று வந்த செய்தியை உங்களில் பலர் அறிவீர்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் 2012 முதல் விளையாடிவந்த ரவீந்திர ஜடேஜாவும், அவரோடு சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குச் சென்றனர். மாற்றாக சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் வேப்பமரத்தடியில் நின்று வாலிபர்கள் பேசியது இதைப் பற்றித்தான். 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்த மனிதரை எப்படி விட்டுக்கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டார். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்றார் மற்றொருவர். அப்போது வாலிபர் ஐக்கியச் செயலாளர் என்னிடம் திரும்பி, "ஐயா, வருகிற வருஷமும் நம்ம லீக் உண்டுதானே?" என்று கேட்டார். அருகில் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் ஏன் குனிந்தார்கள் என்பது பத்துப் பேருக்கு மட்டுமே தெரியும். இந்த வாரம் அதை உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுவது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி, அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஐ.பி.எல். அணிகள் வீரர்களை ஏலத்தில் எடுப்பது நாம் அறிந்ததே. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் டாலருக்கு எடுத்தது. 2024 நவம்பரில் ஜெத்தா நகரில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்குப் போனார். இந்த ஏலத்தையே நண்பர்கள் கூடிக் கற்பனைப் பணத்தில் நடத்தி, தாங்கள் எடுத்த வீரர்கள் உண்மையான போட்டிகளில் அடிக்கும் ஓட்டங்களையும் வீழ்த்தும் விக்கெட்டுகளையும் புள்ளிகளாகக் கணக்கிட்டு, யாருடைய கற்பனை அணி முந்துகிறது என்று பார்ப்பதே இவ்விளையாட்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்களிடம் தோன்றியது இது. டேனியல் ஓக்ரென்ட் என்னும் பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் 1980இல் நியூயார்க்கில் ஆடத் தொடங்கி, தாங்கள் கூடிய உணவகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

நம் நாட்டில் அது செயலிகளின் கையில் பணம் கட்டி ஆடும் ஆட்டமாக மாறியதையும், அதனால் குடும்பங்கள் கலங்கியதையும் நான் வீடு வீடாகச் சென்று பார்த்திருக்கிறேன். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் வாலிபர்கள் அதற்கு முன்னரே, மார்ச் மாதத்திலேயே, ஒரு பைசாவும் இல்லாமல் ஆடுவதென்று தீர்மானித்திருந்தார்கள். பணம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை என்று அன்று நான் எண்ணினேன். அந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லெந்து காலத்தில் இதெல்லாம் தேவையா என்று சபையின் பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுகிறோமே, பிள்ளைகள் காசில்லாமல் ஏலம் விட்டால் என்ன என்று சொல்லிச் சிரித்து, நானும் ஓர் அணியை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனிக்கிழமை மாலை ஆலயக் கூடத்தில் ஏலம் நடந்தது. பத்து அணிகள். ஒவ்வொருவருக்கும் நூறு கோடி கற்பனை ரூபாய், பன்னிரண்டு வீரர்கள். சபையின் பொருளாளர் ஞாயிறு பள்ளியின் கைமணியை வைத்துக்கொண்டு, அறுப்பின் பண்டிகையில் சேவல் ஏலம் விடும் அதே குரலில், "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவினார். கல்லூரியில் கணக்கியல் படிக்கும் நம் தங்கை ஒருத்தி நீண்ட பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். வருண் சக்கரவர்த்தியின் பெயர் வந்தபோது கூடமே எழுந்து நின்றது. 2018இல் மதுரை பாந்தர்ஸ் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் பந்து வீசியவர் அவர். அந்த ஆண்டு இறுதியில் ஐ.பி.எல். ஏலத்தில் 20 இலட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்கு உயர்ந்தார். நம் கூடத்தில் 19 கோடிக்குப் போனார். நானோ 22 கோடி கொடுத்துச் சென்னை அணியின் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட்டை எடுத்தேன். எடுத்த பிறகுதான் மீதியை எண்ணிப் பார்த்தேன். முதல் மணியோசையிலேயே கைப்பணத்தை இறைத்தவன், கடைசிச் சுற்றில் பிறர் வேண்டாம் என்றவர்களை ஒரு கோடிக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தம்பி அமர்ந்திருந்தார். இருசக்கர வாகனப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவர். அவர் பெயரை எழுதமாட்டேன். சிக்கனமாக வாங்கினார். சாய் சுதர்சனை 9 கோடிக்கு எடுத்தார். பிறகு யாரும் மணி அடிக்க விடாத பெயர் ஒன்றுக்குக் கை தூக்கினார்: டி. நடராஜன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, 2017 ஏலத்தில் 10 இலட்சத்திலிருந்து 3 கோடிக்குப் போனவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். "இவரை எடுத்தா புள்ளி வருமாப்பா?" என்று யாரோ கேட்டதற்கு, "வரலைன்னாலும் இருக்கட்டும்ணே" என்றார் தம்பி. அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் அன்றே கண்டுகொண்டேன். அதைத்தான் பின்னர் பயன்படுத்திக்கொண்டேன்.

எங்கள் விதிகளில் ஒன்று: ஏப்ரல் மாதம் முடியும்வரை வீரர்களை இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இருவரும் சம்மதம் சொன்னால் பதிவேட்டில் எழுதப்படும். எழுதிய பின் மாற்றமில்லை.

ஏப்ரல் 10, வியாழக்கிழமை. குருத்தோலை ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்பு. மாலையில் பிரசங்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தவன் கைப்பேசியைத் திறந்தேன். சென்னை அணியின் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் பேசிய செய்தி அப்போதுதான் வந்திருந்தது. குவாஹாட்டியில் நடந்த ஆட்டத்தில் முழங்கையில் அடிபட்ட ருதுராஜுக்கு எலும்பில் முறிவு. தொடர் முழுவதும் ஆடமாட்டார். தோனி மீண்டும் அணியை நடத்துவார். என் 22 கோடி ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பிரியமானவர்களே, அந்த நிமிடத்தில் என் மனம் எத்தனை வேகமாக வேலை செய்தது என்பதை நினைத்தால் இன்றும் நாணுகிறேன். பட்டறையில் வேலை நேரத்தில் யாரும் கைப்பேசி பார்ப்பதில்லை, தேநீர் வேளையில் மட்டும் தம்பி அழைப்பை எடுப்பார், சென்னை அணி என்றால் அவருக்கு உயிர் என்பதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. நான் அழைத்தேன்.

"தம்பி, ருதுராஜை உனக்குத் தந்துவிடலாம் என்று பார்க்கிறேன். சுதர்சனைத் தருவாயா?"

அவர் தயங்கினார். "ஐயா, நேத்துதான் அவன் 82 அடிச்சான்."

உண்மைதான். முந்தின இரவு அகமதாபாத்தில் ராஜஸ்தானுக்கு எதிராகச் சுதர்சன் 82 ஓட்டங்கள் எடுத்திருந்தார். நான் சொன்னேன்: "எத்தனை நாள் இப்படியே அடிப்பான்? சரிவு வரும். இவன் சென்னை கேப்டன் அப்பா. உன்னிடம் இருப்பதுதான் சரி."

"நீங்க சொன்னா சரிதான் ஐயா. எழுதிக்கச் சொல்லுங்க."

இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ருதுராஜ் கேப்டன் என்றேன். அன்று காலைவரை அது மெய். சரிவு வரும் என்றேன், யாருக்கும் வரலாம். தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பதிவேட்டைக் காக்கும் தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, குருத்தோலை ஞாயிற்றுப் பிரசங்கக் குறிப்பைத் தொடர்ந்து எழுதினேன்.

இரவு ஒன்பதரை மணிக்குத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு வேடிக்கையான பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஐயா, ருதுராஜ் அவுட்டாம். பரவாயில்ல. பாவம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

அந்த வேடிக்கையான பதிலை நான் அனுப்பவில்லை. வேறு எந்தப் பதிலும் அனுப்பவில்லை.

என் தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்தவர். சிறுவயதில் அவரோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். அங்கே தரகர்கள் துண்டைக் கைமேல் போர்த்திக்கொண்டு, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. வாங்க வந்தவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஒருமுறை தாத்தா ஒரு காளையை விற்கக் கொண்டுபோனார். எல்லாம் பார்த்து முடித்து அச்சாரம் கொடுக்கும் வேளையில், தாத்தா வாங்குபவரைத் தனியே அழைத்து, "உச்சி வெயிலில் ஏர்க்காலில் படுத்துக்கிடும். தெரிஞ்சு வாங்குங்க" என்றார். தரகருக்குக் கோபம். விலை இறங்கியது. வரும் வழியில் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பல்லைப் பிடிச்சுப் பார்த்துக்கிடலாம்டா. குணத்தைப் பிடிச்சுப் பார்க்க முடியாது. அதை வித்தவன்தான் சொல்லணும்" என்றார்.

தாத்தாவுக்கு அன்று இழப்பு மெய்யான பணம். கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய பணம். எனக்கோ வெறும் கற்பனைப் புள்ளி. அவரால் முடிந்தது என்னால் முடியவில்லை.

நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தை இந்த வாரம் உங்கள் வீட்டில் திறந்து வாசியுங்கள். வாங்குகிறவன் பொருளைக் குறைசொல்லிச் சொல்லி வாங்கி, அப்பால் போனதும் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வதை ஞானி ஒரே வரியில் படம் பிடிக்கிறார். அதில் கண்டனம் ஏதும் இல்லை. சந்தையில் நின்று பார்த்தவர் பார்த்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். சுதர்சனுக்குச் சரிவு வரும் என்று நான் சொன்னபோது அந்த வசனத்தின் வாங்குகிறவனாக இருந்தேன். ருதுராஜைப் பற்றி மௌனமாக இருந்தபோது, லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்லும் கள்ளத் தராசைக் கையில் பிடித்த விற்கிறவனாகவும் இருந்தேன். ஒரே அழைப்பில் இரண்டு வேடம்.

இன்னொன்றையும் கவனித்தேன். உண்மையான ஐ.பி.எல். மாற்றத்தில் வீரரின் சம்மதம் வேண்டும், அணிகளுக்கு வழக்கறிஞர்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு. ஜடேஜாவை விட்டுக்கொடுத்தவர்களும் பெற்றுக்கொண்டவர்களும் கண்ணைத் திறந்துகொண்டு பேசியவர்கள். எங்கள் விளையாட்டில் தம்பிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, எதிர்முனையில் பேசுகிறவர் தன் போதகர் என்பது. அந்தப் பாதுகாப்பைத்தான் நான் விலைக்கு விற்றேன். ஏமாற்றுகிறவன் அந்நியனாக இருந்தால் நாம் விழித்துக்கொள்வோம். நம்பிக்கை இருக்கும் இடத்தில்தான் துண்டு போர்த்தாமலே கையை மறைக்க முடிகிறது.

வெள்ளி போயிற்று. சேப்பாக்கத்தில் சென்னை அணி 103 ஓட்டங்கள் மட்டுமே எடுத்துக் கொல்கத்தாவிடம் தோற்றது. சனி போயிற்று. குருத்தோலை ஞாயிறன்று ஓலை பிடித்துப் பவனி வந்து, உண்மையுள்ள இருதயத்தைப் பற்றி நான் பிரசங்கித்ததை நீங்கள் கேட்டீர்கள். நன்றாக இருந்தது என்று பலர் கைகுலுக்கினீர்கள். தம்பியும் வந்து கைகுலுக்கினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். காபி வந்தது. அம்மா உள்ளே போனபின் சொன்னேன்: "தம்பி, எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழைத்தேன்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஏன் ஐயா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சுதர்சனைத் திருப்பித் தருகிறேன் என்றேன். விதிப்படி முடியாதே என்றார். எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் சற்று யோசித்து, "காரணத்தையும் எழுதணும் ஐயா. இல்லேன்னா நான் அழுது திருப்பி வாங்கிட்டேன்னு நெனைப்பாங்க" என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் மன்னித்துவிட்டேன் என்று சொல்வார், நான் கண்ணீரோடு எழுந்து வருவேன் என்று என்னை அறியாமலே ஒரு காட்சியை எழுதி வைத்திருந்தேன் போலும். அவர் கேட்டது நியாயத்தை. போதகரின் மானத்தைக் காக்கத் தன் மானத்தைக் கொடுக்க அவர் ஆயத்தமாக இல்லை. அவர் சொன்னதே சரி.

பெரிய வியாழன் ஆராதனைக்கு முன், கூடத்தில் பத்துப் பேரும் கூடினார்கள். தங்கை பதிவேட்டைத் திறந்தாள். நான் சொல்ல, அவள் எழுதினாள்: "ஏப்ரல் 10ஆம் தேதி மாற்றம் ரத்து. காரணம்: காயச் செய்தி போதகருக்கு முன்பே தெரியும், சொல்லவில்லை." எழுதும்போது அவள் கை இரண்டுமுறை நின்றது. பிறகு அவர்களே புதிய விதி ஒன்றைச் சேர்த்தார்கள்: மாற்றம் கேட்கிறவர், அந்த வீரரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை முதலில் சொல்ல வேண்டும். அதற்குத் தாத்தா விதி என்று பெயர் வைக்கலாமா என்று மனதுக்குள் நினைத்தேன். கேட்கும் துணிவு இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாய் சுதர்சன் 759 ஓட்டங்கள் எடுத்து, அந்தத் தொடரில் யாரையும்விட அதிகம் அடித்தவராக ஆரஞ்சுத் தொப்பியைப் பெற்றார். நான் முன்னறிவித்த சரிவு வரவில்லை. தம்பியின் அணி இரண்டாம் இடம். அவர் கடைசிவரை மாற்றாமல் வைத்திருந்த நடராஜனுக்கு டெல்லி அணி வாய்ப்பே அரிதாகத்தான் கொடுத்தது. அதைப் பற்றி அவர் முணுமுணுக்கவில்லை. என் அணி ஒன்பதாம் இடம்.

தம்பி இப்போதும் ஆலயத்துக்கு வருகிறார். வணக்கம் சொல்கிறார். ஆனால் நான் ஏதாவது சொன்னால், "நீங்க சொன்னா சரிதான் ஐயா" என்று முன்போல உடனே சொல்வதில்லை. "பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா" என்கிறார். அதில் பகை இல்லை. ஒரு பல்லை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், கற்றுக்கொடுத்தவன் நான். மன்னிப்பு ஒரு மாலையில் கிடைக்கலாம். நம்பிக்கைக்கு அப்படிப்பட்ட விரைவு இல்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. காத்திருக்கிறேன்.

அன்பானவர்களே, உங்களில் பெரும்பாலோர் இந்த விளையாட்டை ஆடுவதில்லை. ஆனால் விற்காதவர், வாங்காதவர் நம்மில் யார்? பழைய ஸ்கூட்டரை விற்கிறோம். வீட்டை வாடகைக்கு விடுகிறோம். மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஒழுகும் என்பது நமக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் பையனைப் பற்றிப் பேசுகிறோம். மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கூடையில் நிரப்பும்போது வாடியதை அடியில் வைக்கிறோமா, மேலே வைக்கிறோமா என்பது நம் கைக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை என்று நம் மனச்சாட்சி நமக்குச் சான்றிதழ் தரும் இடங்கள் இவை. அந்தச் சான்றிதழை நானும் வைத்திருந்தேன், மூன்று நாட்கள்.

மீண்டும் ஐ.பி.எல். ஏலம் வருகிறது. மார்ச்சில் நம் கூடத்திலும் கைமணி ஒலிக்கும். என்னையும் ஓர் அணி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், அது இருக்கும் பதிவேட்டிலேயே இந்த ஆண்டும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இந்த வாரம் நீங்கள் ஒரு பொருளை, ஒரு பேச்சை, ஒரு சம்பந்தத்தை முடிக்கப் போகிறீர்களானால், அச்சாரம் கைமாறுமுன் உங்களையே கேளுங்கள்: எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாதது எது?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் நாவைப் பொய்யிலிருந்து காத்ததுபோல, எங்கள் மௌனத்தையும் காத்தருளும். எங்களை நம்பினவர்களுக்கு நாங்கள் மறைத்ததைச் சொல்ல இந்த வாரம் துணிவு தாரும். ஆமென்.